ஒரு சீட்டு, ஒரு குறி

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் பெரியம்மா முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பாள். தட்டாக இருந்தாலும் சரி, கடிதமாக இருந்தாலும் சரி. திருப்பி, ஒரு மூலையைக் கட்டைவிரலால் தேய்ப்பாள். தேய்த்த இடத்தைக் கண்ணருகே கொண்டுபோவாள். அங்கே ஒன்றும் இருக்காது. பிறகுதான் முன்பக்கத்துக்கு வருவாள். பிஸ்கட் பொட்டலம், மருந்துச் சீட்டு, நான் வாங்கிவரும் ஒல்லியான கவிதைப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். ஒருமுறை எதிர்வீட்டுக் குழந்தையை மடியில் வாங்கியவள், சட்டைக் காலரை மடித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் அதன் முகத்தைப் பார்த்தாள்.

"யார் வீட்டுப் பிள்ளைன்னு உள்ள எழுதியிருக்கா?" என்றார் பெரியப்பா.

"பழக்கம்" என்றாள் பெரியம்மா. அதற்குமேல் விளக்கம் கிடையாது.

இருபத்தாறு வருடமாக அவள் ஒரு லாண்டரியில் குறி போடுகிறாள். உள்ளே வரும் துணி ஒவ்வொன்றும் முதலில் அவளிடம்தான் வரும். காலர் பட்டையின் உட்புறம், இடுப்புப் பட்டையின் மடிப்பு, போர்வையின் மூலை என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்து, அழியாத மையால் ஒரு குறி போடுவாள். இரண்டு கோடு, ஒரு பெருக்கல், ஒரு முக்கோணம். ஒரு வீட்டுக்கு ஒரு குறி. முந்நூறு வீட்டுக் குறியும் அவள் தலைக்குள் இருந்தது. லாண்டரியில் எல்லோருக்கும் அவள் மையக்கா. அவளுடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நிரந்தரமாகக் கறுத்திருந்தன. அவற்றில் தொட்டால் தெரியாது என்பாள். சூடான தம்ளரை அந்த இரண்டு விரலால்தான் பிடிப்பாள்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒரு மூட்டைக்கு ஒரு குறிதான். ஒரே வீட்டில் நாலு பேர் துணி இருந்தாலும் தலைக்கு ஒரு குறி போடக் கூடாது. இரண்டு குறி விழுந்த துணி இரண்டு அடுக்குக்கும் போகாமல் நடுவில் எங்கோ காணாமல் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அப்படி ஒரு மேல்கோட்டைத் தொலைத்து, அரை மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்தாளாம். அதன்பிறகு அவள் எதன்மேலும் இரண்டாவது குறி வைத்ததில்லை.

நாங்கள் நாலாவது மாடியில் இருந்தோம். அறுபத்தெட்டுப் படி. பெரியப்பாவின் இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், அவர் கீழே இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் வேலைக்காக நான் அவர்களோடு தங்கியிருந்தேன். வரி அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் வேலை. நகல் எடுப்பேன், படிவம் நிரப்பித் தருவேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. பெரியப்பாவுக்கு என் புத்தகங்கள்மீது ஒரு கண்.

"ஏன்டா, பக்கத்துக்கு அஞ்சு வரி எழுதிட்டு மிச்சத்தைக் காலியா விட்டிருக்கான். இதுக்கு முழு விலையா வாங்கறான்?"

"ஆமா பெரியப்பா."

"நீயும் அந்த மாதிரிதான் பேசற."

பக்கத்துத் தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகப் போவதாகச் சொன்னார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். பெரியம்மா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துவிட்டு வருவாள். முன்பணம் ஒன்றரை லட்சம் கேட்டார்கள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டோம். ஒருமுறை மட்டும் பெரியப்பா கேட்டார்: "வாசல்ல ஒரு நாற்காலி போட இடம் இருக்கா?"

"ரெண்டு போடலாம்" என்றாள்.

லாண்டரியில் மொத்தம் ஒன்பது பேர். துவைக்கும் எந்திரத்தில் மூவர், மடிக்கும் மேஜையில் அக்கா தங்கை இருவர், கவுண்டரில் ஓர் அம்மா, வேன் டிரைவர், இஸ்திரிக்காரர், பெரியம்மா. வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு நாணயம் போட்டு ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவார்கள். மறுநாள் குலுக்கல். இருபது வருடப் பழக்கம். நாணயம் போடுகிற டப்பாவும் நோட்டும் பெரியம்மாவிடம். நோட்டில் பெயரே கிடையாது. வாரத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம். யார் போட்டார்களோ அவர்களுடைய குறியை அந்தக் கட்டத்தில் வரைவாள். வேலை செய்கிறவர்களுக்கும் அவள் ஆளுக்கொரு குறி வைத்திருந்தாள். டிரைவருக்கு ஒரு வட்டம். இஸ்திரிக்காரருக்கு நீராவிபோல நெளிந்த ஒரு கோடு.

இதிலும் ஒரு சட்டம் இருந்தது. அந்த வாரம் போடாதவர் அந்த வாரத்தில் இல்லை. ஒருமுறை டிரைவர் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் சின்னதாக ஒரு பரிசு விழுந்தது. எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கி, திரும்பி வந்த டிரைவரைப் பார்க்க வைத்துக்கொண்டே தின்றார்கள்.

"நல்லா தின்னுங்க. வயிறு வலிக்கும்போது வேன்ல ஏத்திக்கிட்டுப் போக நான்தான் வரணும்" என்றாராம் டிரைவர்.

பெரிய பரிசு விழுந்தது ஒரு மழைக்காலச் சனிக்கிழமை. பதினெட்டு லட்சம். யாரும் கத்தவில்லை என்று பெரியம்மா சொன்னாள். கவுண்டர் அம்மா எண்ணை மூன்று முறை வாசித்தாள். எந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். உள்ளே துணி நனைந்தபடி கிடந்தது. பிறகு யாரோ மறுபடி ஓடவிட்டார்கள்.

சீட்டின் பின்பக்கத்தில், வென்றவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பெரியம்மாவின் கையெழுத்தும் அதனடியில் அவளுடைய குறியும் ஏற்கெனவே இருந்தன. வாங்கின உடனே திருப்பிப் போட்டுவிடுவாள். லாட்டரி அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்.

"ஒரே ஆளா? வேற பேர் சேக்கணுமா?"

"ஒரு சீட்டு. ஒரு குறி போதும்" என்றாள்.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். படிவம் நிரப்புவதுதான் என் பிழைப்பு. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பணம் அவள் கணக்குக்கு வந்தது. மறுவாரமே எடுத்து, மடிக்கும் மேஜைமேல் ஒன்பது உறைகளை வைத்தாள். உறைக்கு இரண்டு லட்சம். உறையின் மேலும் குறிதான், பெயர் இல்லை. எடுத்துக்கொண்டு எல்லோரும் வேலைக்குப் போனார்கள். மடிக்கும் அக்காவும் தங்கையும் ஒரே மாதிரி இரண்டு தையல் எந்திரம் வாங்கினார்கள். டிரைவரின் பணம் ஒரு மாதத்தில் போன இடம் தெரியவில்லை. இஸ்திரிக்காரர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய இடது உள்ளங்கை ஆறு வருடத்துக்கு முன்பு துணி அழுத்தும் நீராவி அச்சில் மாட்டிச் சுருங்கிப்போனது. இரண்டு விரல் விரியாது. வலது கையால் இழுத்து, இடது மணிக்கட்டால் அழுத்தி இஸ்திரி போடுவார். அந்தக் கைக்காக அரசாங்கத்திலிருந்து மாதாமாதம் ஓர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது.

பெரியம்மா தரைத்தள வீட்டுக்கு ஒன்றரை லட்சம் முன்பணம் கொடுத்தாள். உள்ளே இருந்தவர்கள் காலி செய்ய எட்டு மாதம் ஆகும் என்றார்கள். சரி என்றாள். பெரியப்பா படுக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு நாற்காலிக்கு வண்ணம் அடித்தார். பச்சை.

ஏழாவது மாதம் நோட்டீஸ் வந்தது. பெரியம்மா உறையைத் திருப்பிப் பார்த்து, மூலையைத் தேய்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். எதிர்பாராத வரவு பதினெட்டு லட்சம். வரி நூற்றுக்கு முப்பது. கட்ட வேண்டியது ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். முப்பது நாளில்.

நான் இரண்டாவது முறை மெதுவாக வாசித்தேன். சமையலறையில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"உன் புத்தகத்துலயும் வரி, இதுலயும் வரி" என்றார் பெரியப்பா. தன் நகைச்சுவைக்கு அவரே சிரிக்கவில்லை. பிறகு சொன்னார்: "இருபது வருஷமா வாராவாரம் போட்டுத் தோத்தீங்களே. ஒரு வாரமாவது ஆள் அனுப்பி துக்கம் விசாரிச்சாங்களா?"

பெரியம்மா எழுந்து அடுப்பைத் துடைத்தாள்.

வரி அலுவலகத்துக்கு நானும் போனேன். எங்கள் கடையிலிருந்து சாலையைக் கடந்தால் போதும். இரண்டாவது தளத்தில் அதிகாரி ஒரு பெண்மணி. சளி பிடித்திருந்தது. மேஜைமேல் கசங்கிய கைக்குட்டைகள். நல்லவர் போலத்தான் தெரிந்தார்.

"வரி போட்டதே தப்புங்கறீங்களா அம்மா?"

"இல்ல மேடம். போடுங்க."

"காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் நின்னு உழைக்கிறவங்க சம்பளத்துலயே பிடிக்கிறோம். சும்மா வந்த பணத்துல பிடிக்காம விட்டா அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நியாயம்தான் மேடம். நானும் நின்னுதான் வேலை பாக்கறேன்."

"அப்ப எதுக்கு வந்திருக்கீங்க?"

"பதினெட்டு எனக்கு வரலை. ரெண்டுதான் வந்துச்சு."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பெரியம்மா நோட்டை எடுத்து வைத்தாள். நான்தான் விளக்கினேன். அதிகாரி நோட்டின் பக்கங்களைப் புரட்டினார். வட்டம், கோடு, பெருக்கல், நெளிவு. இருபது வருடம்.

"இதுல ஒரு பேர்கூட இல்லையே."

"எங்களுக்குத் தெரியும் மேடம்."

"உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?" கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் திரும்பி ஒரு படிவம் எடுத்தார். ஒருவர் கையில் வருவது இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை, தாண்டினால் மொத்தத்துக்கும் முப்பது என்று சொன்னார். கூட்டாக வாங்கின சீட்டு என்றால், அந்தச் சீட்டுக்குப் பணம் போட்ட அத்தனை பேரும் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் கூட்டு செல்லாது. எல்லாமே சீட்டில் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான்.

"ஆளுக்கு ரெண்டுன்னா யாருமே ஒரு பைசா கட்ட வேண்டியதில்ல. அன்னைக்கே எல்லார் பேரையும் பின்னாடி எழுதியிருந்தா இந்த நோட்டீஸே வந்திருக்காது."

"ரெண்டு குறி விழுந்தா தொலைஞ்சிடும் மேடம்" என்றாள் பெரியம்மா.

அதிகாரிக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். குலுக்கல் நடந்த வாரத்தின் பக்கத்துக்கு ஒரு நகல் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்.

கடைக்கு வந்து அந்தப் பக்கத்தை நகல் எடுத்தேன். ஒன்பது கட்டத்திலும் ஒன்பது குறி. நகலில் ஒரு குறிக்கு அடியில் மைத்துளிபோல ஒரு புள்ளி விழுந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். போகவில்லை. நோட்டிலேயே இருந்த கறை என்று நினைத்தேன். அலுவலகத்துக்குக் கொடுப்பது சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். நகலின்மேல் வெள்ளைத் திரவம் தொட்டு அந்தப் புள்ளியை மறைத்து, உலர்ந்தபின் அதை வைத்து இன்னொரு நகல் எடுத்தேன். அது பளிச்சென்று வந்தது. பெரியம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்து வாங்க மறுநாள் மதியம் நானும் லாண்டரிக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். மடிக்கும் மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். சூடும் சோப்பு வாசனையும் நிறைந்த நீளமான கூடம். நடுவில் ஓடும் கம்பியில் வெள்ளைச் சட்டைகள் தொங்கின. நான் படிவத்தை வாசித்துக் காட்டினேன்.

"கையெழுத்துப் போட்டா எங்க வீட்டுக்காரருக்குக் கடுதாசி வருமாக்கா?" என்றாள் மடிக்கும் தங்கை.

"வந்தா என்னடி? அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்றாள் அக்கா.

"எழுத்துதான் தெரியாது. பூஜ்யம் எண்ணத் தெரியும்."

"தையல் மெஷின் கம்பெனியில சும்மா குடுத்தாங்கன்னு சொன்னியே, அதை நம்பின மனுஷன்தானே? இதையும் நம்புவாரு. போடு."

தங்கை போட்டாள். எந்திரத்து மூவரும் போட்டார்கள். கவுண்டர் அம்மா பேனாவைச் சரி பார்த்து, தேதியோடு போட்டாள். டிரைவர் என் முதுகை மேஜையாக்கிப் போட்டார்.

"என் பணம் போன எடத்துக்கு நோட்டீஸ் அனுப்பினாக்கூட போய்ச் சேராது, தம்பி" என்றார்.

இஸ்திரிக்காரர் மட்டும் தன் பலகையை விட்டு வரவில்லை. பெரியம்மா படிவத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அவர் ஒரு சட்டையின் கைப்பட்டையை அழுத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுல போட்டா ரெண்டு லட்சம் வந்துச்சுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

"ஆமா."

"கைக்கு வர்ற மாசப் பணத்தை நிறுத்திடுவாங்க. கையில இவ்வளவுக்கு மேல இருந்தா கிடையாதுன்னு ரூல். ஏழு மாசம் வாங்கினதையும் திருப்பிக் கேப்பாங்க."

"ம்."

"அந்த ரெண்டு லட்சம் வீட்டுக் கடனுக்குப் போயிடுச்சு. மாசம் வர்றதுலதான் வீட்டுல அடுப்பு எரியுது. நான் இல்லாமப் போனாலும் பாதி என் பொண்டாட்டிக்கு வரும். இதை விட்டா..."

மடிக்கும் அக்கா அங்கிருந்தே கத்தினாள்: "அப்ப மையக்கா மட்டும் அத்தனையும் கட்டணுமா? சூடு கையிலதானே பட்டுச்சு, நெஞ்சுலயுமா பட்டுச்சு?"

இஸ்திரிக்காரர் நிமிரவில்லை. ஏற்கெனவே மடிப்பு விழுந்த இடத்தில் மறுபடி பெட்டியை ஓட்டினார்.

"சும்மா இரு" என்றாள் பெரியம்மா, அவளைப் பார்த்து. பிறகு இவரிடம்: "சட்டை கருகுது பாரு."

அவ்வளவுதான். திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு முப்பது நாளில் அவரிடம் அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான் கேட்கட்டுமா என்றேன். "அவனுக்குப் போறது மாசாமாசம். எனக்குப் போறது ஒரு தடவை" என்றாள். கணக்கு சரிதானா என்று நான் யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதில் அந்தத் தரைத்தள வீடு மட்டும் எந்தப் பக்கமும் வரவில்லை.

இருபத்தொன்பதாவது நாள் அதிகாரியிடம் போனோம். சளி சரியாகியிருந்தது. கையெழுத்துகளை விரலால் எண்ணினார். பெரியம்மாவுடையதையும் சேர்த்து எட்டு.

"ஒன்பதாவது?"

"போட மாட்டாரு மேடம்."

"ஏன்?"

பெரியம்மா படிவத்தை நேராக வைத்தாள். அதிகாரி நகலை எடுத்துப் பார்த்தார். நான் சுத்தம் செய்த நகல். கட்டங்களை எண்ணினார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த வாரம் ஒன்பது பேருமே பணம் போட்டாங்களா? இந்தப் படம் எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க சொல்றதுதான். எட்டுப் பேர்தான்னா எட்டுக் கையெழுத்தே போதும். ஆளுக்கு ரெண்டே கால்தான் வரும். அதுவும் வரம்புக்குள்ளதான்."

பெரியம்மா அந்த நகலை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. மூலையைத் தேய்த்தாள். அதிகாரி காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே எங்கள் கடையின் பலகை தெரிந்தது.

"ஒன்பது பேரு மேடம்" என்றாள்.

அதிகாரி ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் முத்திரையை எடுத்தார்.

படி இறங்கும்போது பெரியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். கடைசிப் படியில் நின்று, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு" என்றாள். அதிகாரியைத்தான் சொன்னாள்.

தரைத்தள வீட்டுக்காரர் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். லாண்டரியில் ஏழு பேர் முடிந்ததைக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துச் சொச்சம். மடிக்கும் தங்கை தையல் எந்திரத்தை விற்றுவிட்டு, அது ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று வீட்டில் சொன்னாள். மிச்சத்தைப் பெரியம்மாவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். நாற்பத்தெட்டுத் தவணை. அவள் சம்பளத் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைப்பாள்.

வீட்டில் எதுவும் மாறவில்லை. அழுகை, சண்டை எதுவும் இல்லை. பெரியப்பா பச்சை நாற்காலியை ஜன்னலருகே போடச் சொன்னார். நாலாவது மாடி ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒன்று மட்டும் புதிதாக வந்தது. சனிக்கிழமைதோறும் பெரியம்மா ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவருவாள். உள்ளே பெரியப்பாவின் சட்டைகள், இஸ்திரி போட்டு, கத்தி முனைபோல மடிப்பு வைத்து. இவள் கேட்கவில்லை. இஸ்திரிக்காரரே எங்கள் துணி மூட்டையிலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார் என்றாள். எங்கேயும் போகாத மனிதர், விறைத்த காலரோடு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ் கிளம்பற மாதிரி இருக்கீங்க பெரியப்பா" என்றேன் ஒருநாள்.

"லீவு போட்டிருக்கேன்டா" என்றார்.

அவர் ஒரே ஒருமுறைதான் கீழே இறங்கினார், மூன்றாவது வருடம். நான்கு பேர் தூக்கினார்கள். அறுபத்தெட்டுப் படியும் நான் எண்ணினேன், வேறென்ன செய்வதென்று தெரியாமல். தலைப்பக்கம் டிரைவரும் இஸ்திரிக்காரரும். அவர் சுருங்கிய கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார். திருப்பங்களில் அவர் தோள்தான் சுவரில் உரசியது. அன்றைக்கும் பெரியப்பா போட்டிருந்தது இஸ்திரி போட்ட சட்டைதான். பெரியம்மா பின்னால் வந்தாள். கீழே வந்ததும் குனிந்து அந்தக் காலரை ஒருமுறை மடித்து, உள்ளே பார்த்துவிட்டு, திரும்பச் சரிசெய்தாள்.

ஒரு நாள் விட்டு மறுநாள் பெரியம்மா வேலைக்குப் போனாள்.

கடைசித் தவணை போன மாதம் முடிந்தது. முடிந்ததற்குச் சான்று வாங்க, பழைய காகிதங்களை எல்லாம் மறுபடி நகல் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நோட்டைக் கடைக்கு எடுத்துவந்திருந்தேன். எந்திரத்தின் மூடியைத் திறந்து அந்தப் பக்கத்தை வைக்கும் நேரம், லாண்டரி கவுண்டர் அம்மா ஏதோ ரசீதை நகல் எடுக்க உள்ளே வந்தாள்.

"அந்த நோட்டா? இத்தனை வருஷத்துல அவ ஒருநாளும் கண்ணுல காட்டினதில்லையே" என்று வாங்கிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு விரலால் குறிகளைத் தடவினாள். நெளிந்த கோட்டில் விரல் நின்றது.

"இது என்ன புள்ளி?"

"மை சிந்தினது" என்றேன்.

"மை சிந்தறதா? அவ கையிலயா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். லாண்டரியில் குறிக்கு அடியில் புள்ளி வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொன்னாள். காசு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். துணி வெளியே போய்விட்டது, காசு பாக்கி. "புள்ளி வெச்சாலும் துணி அவங்களுதுதான் தம்பி. காசு வரலைங்கறதுக்காக வேற யார் அடுக்குலயும் வைக்க மாட்டோம்."

நோட்டில் தேதியைப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஞாபகம் இருந்தது. கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த இஸ்திரிக்காரர் அன்று வேலைக்கே வரவில்லை. தன் நாணயத்தை யார் போட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவர் கட்டத்தில் விழுந்த நாணயம் பெரியம்மாவுடையது. அந்த வாரம் பணம் போட்டவர்கள் எட்டுப் பேர்.